அக்கா மார்செய்யில் ஆடினாள்

என் அத்தான் மார்செய்யில் இருந்தது ஒன்றரை வருடம். அதைப் பற்றிக் கதைத்தது முப்பத்தைந்து வருடம்.

பிரான்சின் தெற்குக் கரையிலுள்ள அந்தத் துறைமுக நகரத்தை எங்கள் சொந்தக்காரர்களில் வேறு எவரும் கண்டதில்லை. ஆனாலும் அதன் இரவுகள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கனடாவுக்கு வர வழி தேடிக்கொண்டிருந்த நாட்களில், கையில் ஒரு பத்திரமும் இல்லாமல், அத்தான் அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வேலை முடிந்ததும் கூட்டாளிகள் நால்வராகத் துறைமுகத்துக்கு இறங்குவார்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரு தோல் ஜக்கெற்தான் இருந்தது. நடன மண்டபத்து வாசற்காரன் ஜக்கெற் போட்டவனை மட்டும்தான் உள்ளே விடுவானாம். ஆகவே ஒரு கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்துப் போவார்களாம். மற்ற மூவரும் வெளியே சுவரில் சாய்ந்து நின்று பாட்டைக் கேட்பார்களாம். அத்தானின் முறை வரும் சனிக்கிழமைக்காக அவர் மாதம் முழுவதும் காத்திருப்பாராம். இந்தக் கதையில் தண்ணீர் விட்டதும் பால்போல வெளுக்கும் ஒரு சாராயம் வரும். படகுகளின் விளக்குகள் வரும். துறைமுகப் படியில் விடிய விடிய இருந்து பாடியதும் வரும்.

நல்ல கதைதான். அவருக்குச் சொல்லவும் தெரியும். என்னுடைய கோபம் கதையின் மேல் அல்ல.

முதலில் ரொறன்ரோவின் பார்க்டேலில், ஒற்றை அறை வீட்டில், ஆண்கள் கட்டிலில் இருந்து கேட்டார்கள். நாங்கள் குசினி மூலையில் நின்றோம். பிறகு ஸ்கார்பரோவில். இப்போது யூனியன்வில்லில் பெரிய வீடு, நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற், அங்கே தோல் சோபாக்கள், ஒரு சின்ன மதுச் சாலையே இருக்கிறது. நாங்கள் மேலே குசினியில் றோல்ஸ் பொரிப்போம். சூடு வரும் குழாய் வழியாக அவர்களுடைய சிரிப்பு மேலே வரும். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பதை வைத்தே கதை எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அக்கா சொல்லிவிடுவாள். "ஜக்கெற்றுக்கு வந்திட்டினம். அடுத்தது ரீ கேப்பினம்," என்று கேத்திலை அடுப்பில் வைப்பாள்.

அத்தான் அந்த ஜக்கெற்றுக்கு முறை பார்த்து நின்ற அதே காலத்தில் அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்தாள், அவருக்கென்று பேசி முடிக்கப்பட்டவளாக. நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். இருட்டுவதற்கு முன்பே கதவு பூட்டிவிடுவோம். ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு ஒன்று எரியும். தெருவில் வாகனச் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைத்துவிடுவோம். நாய் குரைத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். பிறகு அவள் கனடாவுக்கு வந்தாள். இங்கே அவளுக்கு இரவு என்பது பாண் சுடும் தொழிற்சாலையில் நைற் ஷிப்ற். விடிய வந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுப்பாள். மூட்டு தேய்ந்து வேலையை விடும் மட்டும் அப்படித்தான் போனது. அந்த இரவுகளைப் பற்றி எந்தப் பேஸ்மென்றிலும் எவரும் அவளிடம் கேட்டதில்லை.

போன வருடம் பாரிசில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணம் வந்தது. அத்தானுக்கு முதுகுவலி, வரவில்லை. அக்காவும் நானும் போவதென்று முடிவானது. நான் பிறம்ரனில் தனியாக இருப்பவள். விவாகரத்தாகிப் பல வருடமாகிறது. சாமான் அடுக்கும் ஒரு வெயாஹவுசில் வேலை. லீவு கேட்டால் கிடைக்கும், வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அக்கா ஒரு நாள் போன் எடுத்தாள்.

"பாரிசிலையிருந்து மார்செய்க்கு ரெயினிலை மூண்டு மணித்தியாலந்தானாம். வாறியோ?"

"அத்தான் விடுவாரோ?"

"நான் கேக்கப் போறதில்லை. சொல்லப் போறன்," என்றாள்.

சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அத்தான் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். அங்கே இரவில் பெண்கள் திரிகிற இடம் இல்லை, கள்ளர், குடிகாரர், ஒரு நல்ல பெண்ணையும் அந்த நேரத்தில் தெருவில் காண முடியாது என்றார்.

"அப்ப நீங்கள் ஆடினது ஆரோடை அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவும் கோப்பைக்குள் குனிந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது மாதா. மார்செய்யில் ஒரு மலையின் உச்சியில், கடலைப் பார்த்தபடி, பொன் பூசிய மாதா சொரூபத்தோடு ஒரு பெரிய கோயில் இருக்கிறது. இது தெரிந்ததும் அத்தானின் தமக்கை, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், ஸ்கார்பரோவிலிருந்து போன் எடுத்து, தனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார். அதோடு எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அறுபது வயதில் ஒரு பெண் கடல் கடந்து போகலாம், முழங்காலில் நிற்பதற்கென்றால்.

நாங்கள் மாதாவிடம் போனோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு பலர் அதை நம்பவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் ரெயின் ஏறினோம். இறங்கியதும் முதல் வேலையாகப் பஸ் எடுத்து மலைக்குப் போனோம். மாமியின் மெழுகுதிரியைக் கொளுத்தினோம். கூரையிலிருந்து கயிற்றில் சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கின. கடலில் தப்பி வந்தவர்கள் நேர்த்திக்குக் கட்டியவை. அக்கா அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி, மாதாவுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு. இனி இறங்குவம்," என்றாள். சூரியன் இன்னும் மேலேதான் நின்றது.

அதற்குள் அத்தானின் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. இருட்ட முதல் றூமுக்குப் போங்கோ. ஹான்ட்பாக்கை முன்னுக்குப் பிடியுங்கோ. ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போய் உள்ளுக்கை சாப்பிடுங்கோ. தான் இருபத்தைந்து வயதில் கடவுச்சீட்டுக்கூட இல்லாமல் விடியும்வரை சுற்றித் திரிந்த நகரத்தில், கனடாப் பாஸ்போட்டும் மூட்டுவலியும் உள்ள இரண்டு பெண்கள் அறைக்குள் இருந்து பாண் சாப்பிட வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

பழைய துறைமுகம் ஒரு நீளச்சதுரமாக ஊருக்குள்ளே புகுந்து கிடக்கிறது. பாய்மரங்கள் நெருங்கி நின்றன. கரையில் ஓர் இடத்தில், மெல்லிய தூண்களின் மேல், கண்ணாடிபோலப் பளபளக்கும் ஒரு பெரிய கூரை போட்டிருந்தார்கள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நாங்கள் தலைகீழாகத் தெரிந்தோம். அக்கா கையை ஆட்டினாள். தலைகீழாக ஒருத்தி கையை ஆட்டினாள்.

பொழுதுபடப் பொழுதுபடச் சனம் கூடியது. கரைக் கல்லில் கால்களைத் தொங்கவிட்டபடி வரிசையாக இருந்தார்கள். முக்காடு போட்ட தாய்மார் வண்டிலில் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயதான மனிதர்கள் இரண்டு பேர் மடக்குக் கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல் தண்ணீரைப் பார்த்தார்கள். பெடியங்கள் பந்து அடித்தார்கள். யாரோ கிற்றார் வாசித்தான், நன்றாக வாசிக்கவில்லை, ஒருவரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. கள்ளர் இருந்திருக்கலாம். ரொறன்ரோவில் இல்லையா?

ஒரு கடையின் வெளி மேசையில் இருந்தோம். கடலை மாவைக் கட்டியாகக் கிளறி, வெட்டிப் பொரித்த ஒரு தீனி வந்தது. உறைப்பில்லை. அக்கா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் சுற்றிய கடதாசிச் சரையை எடுத்துத் தூவினாள். பிறகு பக்கத்து மேசையைக் காட்டி அதே சாராயத்தைக் கேட்டாள். ஒரு கிளாசில் மஞ்சளாகக் கொஞ்சம், பக்கத்தில் ஒரு கூசா தண்ணீர். அவளே ஊற்றினாள். அது வெளுத்தது. முப்பத்தைந்து வருடமாகக் கேட்ட சங்கதி. ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெருஞ்சீரகம் அவிச்ச தண்ணி," என்றாள். "உதுக்கோ இந்த மனுசன் இவ்வளவு கதைச்சது?"

சிரித்தோம். ஆனால் மீதியையும் குடித்தாள்.

பிறகு கதிரையில் சாய்ந்து கரையில் இருந்த சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குகள் தண்ணீரில் விழுந்திருந்தன. களைத்துப் போனாளாக்கும் என்று நினைத்து, எழும்புவோமா என்று கேட்டேன்.

"எனக்குக் கோவம் வருது," என்றாள்.

"ஆரிலை?"

"தெரியேல்லை. உந்தச் சனத்தைப் பார். சும்மா வந்து இருந்து காத்து வாங்குது. ஒருத்தரும் ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை. இரவிலை வெளியாலை இருக்கிறது இவ்வளவு லேசோ? இதுக்கோ என்னை இவ்வளவு காலம் உள்ளுக்கை வைச்சிருந்தவை?"

யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் நீளமான பதில் வரும். ஆமிக்காரன் தொடங்கி, அப்பா, தொழிற்சாலை, அத்தான், மாமி, கோயில் சனம். ஒவ்வொருவரும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். அத்தனை நியாயங்களும் சேர்ந்தால் ஒரு வாழ்நாள் போய்விடுகிறது.

திரும்பி நடக்கும்போது அந்தக் கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு பெண்கள் கூட்டம் நின்றது. ஆபிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றிலிருந்து வந்த குடும்பங்கள் என்று பிறகு விளங்கியது. பூப்போட்ட துணிகளை இடுப்பிலும் தலையிலும் கட்டியிருந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள். ஒரு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மேளம் எங்கள் ஊர்ப் பைலா ஆட்டப் பாட்டுக்குக் கிட்ட நின்றது. எங்கள் கல்யாண வீடுகளில் பைலா போட்டால் ஆண்கள்தான் இறங்குவார்கள். பெண்கள் கதிரையில் இருந்து கைதட்டுவோம். அக்கா நின்று கைதட்டினாள். அந்தக் கூட்டத்தில் அவள் வயதை ஒத்த ஒரு பெண், மொத்தமான உடம்பு, வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் தன்னுடைய முழங்காலையும் தொட்டுக் காட்டினாள், அதற்கென்ன என்பதுபோல.

அக்கா ஆடினாள். சப்பாத்தும் பருத்திச் சுரிதாருமாக, கைப்பையை என்னிடம் எறிந்துவிட்டு ஆடினாள். முதலில் குனிந்துகொண்டு, பிறகு நிமிர்ந்து. பைலாக் கால் அவளுக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கே பழகினாள்? கதிரையில் இருந்தபடியே பழகியிருக்க வேண்டும். அந்தப் பெண்கள் வட்டமாக நின்று அவளுக்குக் கைதட்டினார்கள். நான் கைபேசியில் விடியோ எடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் என்று சொல்லமாட்டேன்.

விடியோவைக் குடும்பக் குழுவில் போட்டது நான் அல்ல. அக்காவே என் கையிலிருந்து வாங்கிப் போட்டாள். கீழே ஒன்றும் எழுதவில்லை.

ரொறன்ரோவில் அப்போது பின்னேரம். எல்லோரும் முழித்திருந்தார்கள். பிறகு அத்தான் போன் எடுத்தார். அதை எடுக்காமல் அக்கா கைப்பைக்குள் போட்டாள். அடுத்தது மகள். கனடாவில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிநேகிதிகளோடு டவுன்ரவுணில் ஆடிவிட்டு விடியப்புறம் வந்தவள். இப்போது ஒரு பிள்ளையின் தாய். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, இற்ஸ் கியூற் அண்ட் எவ்ரிதிங். ஆனா அப்பா இஸ் ரியலி அப்செற். அம்மா எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். வை த ஹோல் குறூப்?"

அவளிடம் என்ன சொல்வது? உனக்கு மட்டும் அனுப்பினால் அது ஒளிச்சுச் செய்த காரியம் ஆகிவிடும், மோளே, என்று சொன்னேன். அவளுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அத்தான் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். பெட்டிகளைக் காரில் ஏற்றினார். முதுகுவலிக்காரர் பெட்டி தூக்கியதும் எங்களுக்கு ஒரு தண்டனைதான். வழி முழுவதும் ரேடியோ மட்டும் கதைத்தது.

அடுத்த கிழமை மாமி எனக்குப் போன் எடுத்தார். மாதாவின் பேரைச் சொல்லிப் போய்விட்டு நடுத்தெருவில் ஆடினது பெரிய பாவம் என்றார். தன்னுடைய மெழுகுதிரியைக் கொளுத்தினதும் பொய்யாயிருக்கும் என்றார். அந்தப் படமும் இருக்கிறது, அனுப்புகிறேன் என்று பொறுமையாகச் சொன்னேன். அதன்பிறகுதான் உண்மையான காரணத்துக்கு வந்தார்.

"உனக்குக் கேக்க ஆளில்லை. அவளுக்குப் புருசன் இருக்கு. நீ அவளைக் கெடுக்காதை."

நான் போனை வைத்துவிட்டேன். கேட்க ஆள் இல்லாதவள். வெயாஹவுசில் எட்டு மணித்தியாலம் நின்று, வீட்டு வாடகை கட்டி, ஒருவரிடமும் கை நீட்டாமல் இருக்கிறவளுக்கு எங்கள் சனம் வைத்திருக்கிற பெயர் அது. அறுபது வயது அக்காவை நான் கெடுத்தேனாம். அவள் என்ன, பள்ளிக்கூடப் பிள்ளையா? அவளுக்கு ஓர் ஆசை வந்தால் அது வேறு யாரோ கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டுமா?

இரண்டு மாதம் கழித்து அக்காவின் பேரப்பிள்ளை கோயிலில் முதல் நன்மை எடுக்கும் நாள் வந்தது. கோயில் முடிந்து யூனியன்வில் வீட்டில் விருந்து. வழமைபோல ஆண்கள் கீழே இறங்கினார்கள், நாங்கள் மேலே நின்றோம். அன்று புதிதாக ஒரு பெடியன் வந்திருந்தான், அக்காவின் மருமகனோடு வேலை செய்பவன், மன்னாரிலிருந்து படிக்க வந்து இங்கே தங்கிவிட்டவன். அவன் மார்செய்க் கதை கேட்டதில்லை. அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சூட்டுக் குழாய் வழியாக அத்தானின் குரல் தொடங்கியது.

அக்கா றோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் சட்னியோடு பின்னால் போய்ப் படியில் நின்றேன். ஜக்கெற் முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெடியன் மரியாதையாக அக்காவைப் பார்த்துக் கேட்டான். "அன்ரி, நீங்களும் அங்கை போனனீங்களோ?"

"ஓம், தம்பி. போன யூனிலை."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் இருந்தாள். அந்த இடத்தில் அவள் இருந்து நான் கண்டதில்லை. சொல்லத் தொடங்கினாள். கப்பல்கள் தொங்கும் கோயில், கதிரை கொண்டுவந்த மனிதர்கள், பெருஞ்சீரகச் சாராயம். அவளுக்கும் சொல்லத் தெரிந்திருந்தது. பெடியன் சிரித்தான். ஆடிய இடத்துக்கு வந்தபோது அத்தான் குறுக்கிட்டார்.

"சரி, உது காணும். மேலை போய் ரீயைப் போடும்."

அக்கா எழும்பவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நீங்கள் அங்கை ஆடின காலத்திலை நான் கதவைப் பூட்டிப்போட்டு இருட்டுக்கை இருந்தனான். அதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. பிறகு இஞ்சை இரவிரவா நிண்டு பாண் அடுக்கினனான். அதையும் கேக்கேல்லை. இது நான் சந்தோசமாயிருந்த ஒரு இரவு. சொல்லி முடிக்க விடுங்கோ."

மகள் படியில் எனக்குப் பின்னால் வந்து நின்று, "அம்மா, நொட் ருடே, பிளீஸ்," என்றாள். நான் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அவள் மேற்கொண்டு பேசவில்லை.

அக்கா சொல்லி முடித்தாள். அந்தப் பெண் முழங்காலைத் தொட்டுக் காட்டியதைச் செய்தும் காட்டினாள். பெடியனைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் றோல்சை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அத்தான் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழும்பி, வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அன்றைக்கு ரீ போடவில்லை. கேட்கவும் ஒருவரும் வரவில்லை.

அதன்பிறகு அத்தான் அந்தக் கதையைச் சொல்வதில்லை. அவருடைய கூட்டாளிகள் அக்காவிலும் என்னிலும் குற்றம் காண்கிறார்கள். நல்ல மனிசனுடைய வாயைக் கட்டிப் போட்டார்களாம். ஒருவர் கோயில் வாசலில் வைத்து எனக்கே சொன்னார். அண்ணை, அந்தக் கதையில் அக்காவுக்கும் இடம் இருந்தது, கதையை நிறுத்தினது அத்தான்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா மாறிவிட்டாள் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கோடையில் சில சனிக்கிழமைகளில் என்னோடு ரொறன்ரோ ஏரிக்கரைக்கு வருகிறாள். ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு இருட்டும்வரை இருக்கிறோம். சில நாள் மேடையில் பாட்டு நடக்கும். போன தடவை அக்காவின் பக்கத்து வீட்டுச் சீன மனுசியும் வந்தாள். அத்தானையும் அக்கா ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறாள். அவர் முதுகுவலியைக் காட்டுகிறார்.

போன மாதம் என் கார் திருத்தத்துக்கு நின்றபோது அத்தான் என்னைப் பிறம்ரனுக்குக் கொண்டுவந்து விட்டார். வெயாஹவுஸ்கள் தொடங்கும் இடத்தில், றோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்கை இப்பவும் சனம் படியிலை இருந்து பாடுதோ?"

முப்பத்தைந்து வருடம் கதைத்தவர் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார். எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஆனால் அதே வீட்டில், அதே மேசையில், அந்தப் படியைக் கண்டவள் ஒருத்தி தினமும் அவருக்குச் சோறு போடுகிறாள். அவளைத் தாண்டி பிறம்ரன் மட்டும் வந்து என்னிடம் கேட்கிறார்.

"அக்காவைக் கேளுங்கோ அத்தான். அவவுக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றேன்.

இன்னும் கேட்கவில்லையாம்.